வளைந்த குழலுக்கு வாரண்டி

செம்பரம் நகரில் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணிக்குக் கடற்காற்றைத் திறந்துவிடுவார்கள்.

செவ்வாயில் கடல் கிடையாது. ஆனால் நகரை மூடியிருந்த கண்ணாடிக் கவிகையின் மேற்கு ஓரத்தில் எட்டு ராட்சத விசிறிகளும், உப்பும் ஈரமும் தெளிக்கும் குழாய்களும் இருந்தன. இரண்டு மணி நேரம் காற்று வீசும். ஜனங்கள் குடும்பத்தோடு உலாவெளிக்கு வந்து, இல்லாத கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, "இன்னிக்கி காத்து சுகமா இருக்கு" என்பார்கள். போன வாரமும் அதே காற்றுதான். வேகம், ஈரம், உப்பு மூன்றும் நகராட்சி ஆணைப்படி மாறாதவை.

அந்த உலாவெளியில் கடை போட இடம் கிடைப்பது லேசு இல்லை. பிலோமினா நான்கு வருடம் காத்திருந்தாள். இருபத்தாறு வருடம் வடதுருவப் பனிச்சுரங்கத்தில் துளைவண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். பலூன் சுடும் கடை வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவளுடைய கணவர் ரெஜிஸுக்குத் தனியாக ஆசை எதுவும் கிடையாது. பலூன் ஊதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். உரிமத்தில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. தொடர்ந்து மூன்று ஞாயிறு கடைக்கு ஒருவரும் வராவிட்டால், இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அடுத்து இருந்தவர் ஆவிச் சுண்டல் போடக் காத்திருந்தார். வாரம் ஒருமுறை வந்து கடையை அளந்து பார்த்துவிட்டுப் போவார்.

சுடும் ரவைக்குப் பிரச்சினை இல்லை. அரிசி மாவை இறுக்கி உருட்டியவை. பலூனை உடைக்கும், கவிகையில் பட்டால் உதிர்ந்துவிடும். துப்பாக்கிதான் பிரச்சினை. வீட்டுக்கு வீடு இருந்த வார்ப்புப்பொறிகள் செருப்பிலிருந்து சிறுநீரகம் வரை எதையும் வார்த்துக் கொடுக்கும், துப்பாக்கி வடிவத்தில் மட்டும் எதையும் வார்க்காது. சட்டம் அப்படி. ஆகவே பூமியிலிருந்து க்ரும்ப் அண்டு க்ரும்ப் கம்பெனியின் காற்றுத்துப்பாக்கி ஒன்றை வரவழைத்தாள். ஏழு மாதம் விண்வெளியில் பயணம் செய்து வந்து சேர்ந்தது.

ரெஜிஸ் பெட்டியைப் பிரித்துத் துப்பாக்கியை வெளியே எடுத்தார்.

"பிலோ, இது இப்படித்தான் இருக்குமா?"

"எப்படி?"

"முருங்கக்கா மாதிரி."

குழல் இடது பக்கமாக வளைந்திருந்தது. அதிகம் இல்லை. ஆனால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் குழலின் நுனி வேறு எங்கோ போக வேண்டியது போலத் திரும்பிக்கொண்டிருந்தது.

பிலோமினா அன்றே வாரண்டிப் புகார் அனுப்பினாள். பூமிக்குச் செய்தி போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். பதில் சரியாக நாற்பது நிமிடத்தில் வந்தது. 'செவ்வாயில் ஈர்ப்பு விசை குறைவு. ரவை மேலே போவதாகத் தோன்றுவது இயல்பு. இது பழுதல்ல. எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.'

'ரவை மேலே போகவில்லை. இடது பக்கம் போகிறது' என்று எழுதினாள்.

'யாருக்கு இடது?' என்று பதில் வந்தது.

துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவருக்கா, பின்னால் நிற்பவருக்கா என்பதிலேயே பதினோரு கடிதங்கள் போயின. பன்னிரண்டாவது கடிதத்தில், செவ்வாய் மண்டல அலுவலகத்திலிருந்து பரிசோதகர் வருவார், இரண்டு மாதம் பொறுத்திருக்கவும் என்றார்கள்.

இரண்டு மாதம் பொறுத்தால் கடை சுண்டலுக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல் பிலோமினா வளைந்த துப்பாக்கியோடு கடையைத் திறந்தாள். ஊரை ஏமாற்றுவதாக ஆகிவிடக் கூடாது என்று பெரிய எழுத்தில் பலகையும் எழுதி மாட்டினாள்: 'துப்பாக்கி வளைந்துள்ளது. வாரண்டியில் கேட்டிருக்கிறோம். பொறுத்தருளவும்.'

முதலில் வந்தவர் கொடிமுத்து. உயிர்வளி ஆலையில் மேற்பார்வையாளர். மனைவி, மச்சான், மச்சான் பிள்ளைகள் என்று ஒரு படையோடு வந்திருந்தார். பத்து ரவை சுட்டார். ஒரு பலூன்கூட உடையவில்லை.

"பாத்தீங்களா, எவ்வளவு வளைவுன்னு" என்று துப்பாக்கியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "இது மட்டும் நேரா இருந்திருந்தா, பத்துக்குப் பத்து. சந்தேகமே இல்ல."

"பத்துமா?" என்றாள் மனைவி.

"ஒம்போதுன்னு வச்சுக்க. காத்து வேற அடிக்குது."

அன்று இருபத்துமூன்று பேர் வந்தார்கள். மறுவாரம் அறுபது. அதற்கடுத்த வாரம் வரிசை விசிறிவரை நீண்டது. சுட்டவர்கள் எல்லோரும் தவறவிட்டார்கள், எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள். பள்ளி ஆசிரியை ஒருத்தி எட்டு விழுந்திருக்கும் என்றாள். ஓய்வு பெற்ற விண்கல ஓட்டி ஒருவர், நேரான துப்பாக்கி கிடைத்தால் கண்ணைக் கட்டிக்கொண்டே பத்தும் அடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிலோமினாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"பாவங்க. இவ்வளவு நல்லா சுடுறவங்களுக்குக் கோணல் துப்பாக்கியக் குடுத்து அனுப்புறோமே."

"அவங்க சிரிச்சுக்கிட்டுத்தான போறாங்க" என்றார் ரெஜிஸ், ஒரு பலூனின் கழுத்தை இறுக்கியபடி.

"மரியாதைக்குச் சிரிக்கிறாங்க."

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதகர் வந்தார். வந்தது ஒரு ரோபோ. பெயர் நேரியன். இடுப்பளவு உயரம், ஒற்றைக் கண், மூன்று விரல் கை. யாரிடமும் அதட்டிப் பேசாது; பலகையைப் படித்துவிட்டு, "தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு வருந்துகிறேன்" என்றது. பிலோமினாவுக்கு அதை உடனே பிடித்துவிட்டது.

நேரியன் துப்பாக்கியை எடுத்தது. பத்து ரவை. பத்து பலூன்கள் பட்பட்டென்று உடைந்தன. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"பழுது இல்லை" என்றது நேரியன்.

"ஐயோ, குழல் வளைஞ்சிருக்கே!"

"ஆம் அம்மா. இடது பக்கம் மூன்று பாகை. ஆகவே நான் மூன்று பாகை வலது பக்கம் பார்த்துச் சுட்டேன். பத்து பலூன் உடைந்தால் துப்பாக்கி சரி என்பதே எங்கள் விதி."

"நீ ரோபோ. சுடப்போறது மனுஷங்க."

நேரியன் யோசித்தது. "மனிதர்கள் எங்கள் வாரண்டியில் அடங்கமாட்டார்கள் அம்மா" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனது.

பிலோமினா விடவில்லை. பனிச்சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் கல்லாய் இறுகிய பனியோடு போராடியவள். மேல்முறையீடு செய்தாள். கடைசியில் மண்டல மேலாளர் மதுரநாயகமே நேரில் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, தங்க விளிம்பு வைத்த சுவாசக் கவசம். கூடவே நேரியனும் வந்தது.

"எங்க கம்பெனி பொருள்ல குறை இருக்காதும்மா" என்று சொல்லிக்கொண்டே மேலாளர் துப்பாக்கியை வாங்கினார். "நான் காலேஜ்ல துப்பாக்கி சுடுற டீம்ல இருந்தவன்."

பத்து ரவை சுட்டார். ஒன்று மட்டும் ரெஜிஸின் தொப்பியில் பட்டது.

உலாவெளியே பார்த்துக்கொண்டிருந்தது. மேலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குழலை ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு மறு கண்ணால் பார்த்தார்.

"இவ்வளவு வளைஞ்ச துப்பாக்கிய எப்படிம்மா ரெண்டு மாசமா வச்சிருக்கீங்க? நானே சுட்டு விழலேன்னா, இது துப்பாக்கியே இல்ல. உடனே மாத்திக் குடுக்கச் சொல்றேன்."

கூட்டம் கைதட்டியது. பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழைய துப்பாக்கியை நேரியன் அன்றே எடுத்துப் போனது. புதியது வரும்வரை இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நகராட்சிக்கு மேலாளர் ஒரு கடிதமும் கொடுத்தார்.

ஏழு மாதம் கழித்துப் புதுத் துப்பாக்கி வந்தது. ஒரு கீறல் இல்லை. நேரியன் வந்து ஒளிக்கதிர் செலுத்தி அளந்து, 'முற்றிலும் நேரானது' என்று முத்திரை குத்திய சான்றிதழைக் கடையின் முகப்பில் மாட்டிவிட்டுப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. இந்த முறையும் கொடிமுத்துதான் முதல் ஆள். மனைவி, மச்சான், பிள்ளைகள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். பத்து ரவை. ஒரு பலூன் ஆடியது, அது காற்றினால்.

எல்லோரும் சான்றிதழைப் பார்த்தார்கள். பிறகு கொடிமுத்துவைப் பார்த்தார்கள்.

"ஒம்போதுன்னீங்க?" என்றாள் மனைவி.

கொடிமுத்து துப்பாக்கியை மெல்ல வைத்துவிட்டு, ஆலையில் ஏதோ வால்வு திறந்து கிடப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். ஆசிரியைக்குக் கையில் சுளுக்கு. விண்கல ஓட்டி, கண்ணைக் கட்டிக்கொள்ளத் துணி கொண்டுவரவில்லை என்றார். வரிசை சத்தமில்லாமல் கரைந்தது.

மறு ஞாயிறு ஒருவரும் வரவில்லை. கடைக்கு முன்னால் நடக்கும்போது மட்டும் எல்லோரும் வேகமாக நடந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சுண்டல்காரர் வந்து, அடுப்பு எந்த மூலையில் வைக்கலாம் என்று ரெஜிஸையே கேட்டார்.

வீட்டில் ரெஜிஸ் துப்பாக்கிக் குழலைத் தண்ணீர்க் குழாயின் மேல் வைத்துப் பார்த்தார்.

"லேசா ஒரு அமுக்கு அமுக்குனா போதும் பிலோ."

"வேணாங்க! வாரண்டி போயிரும்."

"கடையே போகப்போகுது."

பிலோமினா துப்பாக்கியை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். நல்ல துப்பாக்கி வாங்கிக் கொடுத்தும் ஊர் ஏன் தன்மேல் கோபமாக இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மூன்றாவது ஞாயிறு மாலை ஐந்து மணிவரை ஒருவரும் வரவில்லை. ஐந்தேகாலுக்கு மேலாளர் மதுரநாயகம் வந்தார். திருப்தியடைந்த வாடிக்கையாளரோடு படம் எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். படம் எடுக்க நேரியனைக் கூட்டி வந்திருந்தார். அவர் துப்பாக்கியைத் தூக்கியதும், தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பக்கத்தில் வந்தார்கள்.

மேலாளர் பத்து ரவை சுட்டார்.

பத்து பலூன்களும் அப்படியே இருந்தன. விசிறிகளின் ஓசை மட்டும் கேட்டது.

மேலாளர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். அவருடைய காது சிவந்தது.

"இதுவும் வளைஞ்சிருக்கு" என்றார்.

"இல்லை ஐயா" என்றது நேரியன். "முற்றிலும் நேராக இருக்கிறது." துப்பாக்கியை அவர் கையிலிருந்து மரியாதையோடு வாங்கியது. பத்து ரவை, பத்து பலூன். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு வருந்துகிறேன்" என்றது.

மேலாளர் கூட்டத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தினார்.

"மனுஷன் சுட்டா விழல, மெஷின் சுட்டா விழுது. அப்ப கோளாறு எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க!"

"அதானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கொடிமுத்து. "நான் அன்னிக்கே சொன்னேன் சார், இதுல என்னமோ இருக்குன்னு. கண்ணுக்குத் தெரியாத வளைவு!"

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாள் ஆசிரியை.

நேரியன் ஒளிக்கதிரை எடுத்தது. "அளந்து காட்டட்டுமா?"

"வேண்டாம்!" என்று உலாவெளி முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

பிலோமினா ஒருமுறை வாயைத் திறந்தாள். துப்பாக்கி நேரானது என்று அவளுக்குத் தெரியும். ஆலையை மறந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்ற கொடிமுத்துவையும், அவர் பின்னால் தானாகவே உருவாகிவிட்ட வரிசையையும் பார்த்தாள். அந்த முகங்களில் மாதக்கணக்கில் காணாமல்போயிருந்த வெளிச்சம் திரும்பியிருந்தது. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "ரெஜிஸ், பலூன்" என்றாள்.

கொடிமுத்து பத்தும் தவறவிட்டார். "பாத்தியா?" என்று மனைவியிடம் பெருமையோடு சொன்னார்.

சுண்டல்காரரும் கடைசியில் வரிசையில் நின்று சுட்டார். நேராக இருந்திருந்தால் ஏழு விழுந்திருக்கும் என்றார்.

இருட்டுவதற்குள் மேலாளர் ஆணை எழுதிவிட்டார். துப்பாக்கியை மாற்ற வேண்டியதில்லை, 'புலப்படா வளைவு' என்ற குறிப்போடு அங்கேயே இருக்கலாம். ஆனால் பழுதான ஒன்றை அலுவலகத்தில் வைத்திருக்க முடியாது. அதன் வாரண்டிக் காலம் முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. அடுத்த விண்கலத்தில் நேரியனைப் பூமிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

பெட்டியில் வைக்கும்போது அது எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. தன்னைத் திருப்பி அனுப்பும் படிவத்தை மட்டும் ஒருமுறை படித்துப் பார்க்க அனுமதி கேட்டது. வழியனுப்ப வந்திருந்த பிலோமினா அதன் கண்ணைப் பார்க்கத் துணியாமல் காகிதத்தை எடுத்து நீட்டினாள். பொருளின் பெயர், வரிசை எண், தேதி எல்லாம் சரியாக இருந்தன. 'பழுதின் விவரம்' என்ற கட்டத்தில் மேலாளர் தன் கையாலேயே எழுதியிருந்தார்:

'குறி தவறுவதே இல்லை.'