பதினெட்டுக்கு மேல் போகாத வீடு

ஃபில்டரின் தப்பான பக்கத்தில் அழுக்கு படிந்திருந்தது.

வேறு யார் வீடாக இருந்தாலும் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே நம் தெருவில் பாதிப் பேருக்கு, ஏசிக்காரர் வந்து கறுத்துப்போன அட்டையைத் தூக்கிக் காட்டி மூஞ்சியைச் சுளிக்கும்போதுதான் தெரியும். தையலம்மா அப்படியில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து தைக்கிறவர். துணிப் பஞ்சு பறந்து பறந்து, மற்ற வீடுகளில் ஒரு சீசன் முழுக்க வருகிற ஃபில்டர் அவர் வீட்டில் ஒரு மாதம் தாங்குவதே பெரிய பாடு. கழற்றும்போதெல்லாம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார். எந்தத் துணி தைத்தாரோ அந்த நிறம் மெல்லிய மெத்தை மாதிரி அதில் உட்கார்ந்திருக்கும். பள்ளிச் சீருடை தைத்த மாதம் நீலம். சோபா உறை தைத்த மாதம் சாம்பல்.

இந்த மாதம் மகள் அறைக்குத் திரைச்சீலை தைத்தார். ஃபில்டரின் வெளிப்பக்கம் இளமஞ்சள். சரிதான். திருப்பினார். உள்பக்கம் பழுப்பு.

நடைக்கூடத்துச் சுவரில், உட்கார்ந்தால் தலை உயரத்துக்கு வருகிற ஒரு பெரிய கிரில் உண்டு. அதன் வழியாகத்தான் ஏசி மிஷின் வீட்டுக் காற்றை உறிஞ்சும். கோடையில் குளிராக்கி, குளிரில் சூடாக்கி, ஒவ்வொரு அறையின் கூரைத் துவாரத்தின் வழியாகவும் திருப்பி அனுப்பும். கிரில் உறிஞ்சுகிற வாய், ஊதுகிற வாய் இல்லை. அதன் ஃபில்டருக்கு உள்பக்கம் அழுக்குச் சேர வழியே கிடையாது.

விரலால் கிள்ளி எடுத்துப் பார்த்தார். கம்பளி. மூக்கருகே கொண்டுபோனபோது நனைந்த கம்பளியின் வாடையோடு இருமல் தைலத்தின் வாடையும் வந்தது. அவர் பழுப்புக் கம்பளி எதுவும் தைக்கவில்லை. அந்த வீட்டில் பழுப்புக் கம்பளி என்று இருந்ததே ஒன்றே ஒன்றுதான். அவர் வீட்டுக்காரரின் ஸ்வெட்டர்.

அந்த மனிதரைப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'பதினெட்டு' என்றால்தான் தெரியும். என்ன குளிர் அடித்தாலும், வீட்டுச் சூட்டை ஏற்றி இறக்குகிற தெர்மோஸ்டாட் பதினெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. அதன் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியை மாட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்கியவர். யாராவது முனகினால், "குளிருதா? போர்த்திக்கோ" என்பார். தான் மட்டும் அந்த ஸ்வெட்டருக்குள் ஆமை மாதிரி கழுத்தை இழுத்துக்கொண்டு, கிரில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மிஷின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் போதும், காதாலேயே பிடித்துவிடுவார். குனிந்து கிரிலில் வாயை வைத்து, "யார் கை வச்சது?" என்பார். கத்த மாட்டார், அதுதான் விசேஷம். சும்மா சொன்னாலே அது தகரக் குழாய்களுக்குள் ஓடி, சமையலறை, படுக்கையறை, குளியலறை என்று எல்லாக் கூரையிலிருந்தும் ஒரே சமயத்தில் இறங்கும். குளித்துக்கொண்டிருக்கிற பெண்பிள்ளைக்குத் தலைக்கு மேலே அப்பன் குரல் கேட்டால் எப்படி இருக்கும்? படிப்பை முடித்த கையோடு வேலை என்று கிளம்பியவள்தான் அவள். அப்பன் செத்ததற்கு வந்தபோதுகூட வாசற்படியில் ஒரு கால் வைத்தாள், உள்ளேயிருந்து வந்த குளிர் மேலே பட்டது, காலை எடுத்துவிட்டாள். தெருவே பார்த்தது.

போன குளிர்காலத்தில் அதே நாற்காலியில், கிரிலில் காது வைத்தபடியே அவர் போய்ச் சேர்ந்தார். ஸ்வெட்டரைக் கழற்ற நாத்தனார் விடவில்லை, அண்ணனுக்குக் குளிரும் என்று ஒரே பிடிவாதம். அதோடுதான் எரித்தார்கள். எரிக்கிற இடத்தில் எங்கே குளிரப்போகிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். யார் என்பது இப்போது எதற்கு. தையலம்மா அழுதாரா இல்லையா என்பதில் தெருவில் இரண்டு கருத்து உண்டு. கூட்டம் கலைந்ததும் அந்த வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது என்பதில் ஒரே கருத்துதான். கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. அன்றிலிருந்து இருபத்துமூன்று.

இப்போது மகள் வருகிறாள். இன்று சாயங்கால பஸ்ஸில். போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "வீடு சூடா இருக்குமாம்மா?"

"வந்து பாரு" என்றிருந்தார் தையலம்மா.

சொல்லிவிட்டார். ஆனால் ஒரு வாரமாகவே தெர்மோஸ்டாட் சரியில்லை. இருபத்துமூன்று வைத்துவிட்டுத் துணி வெட்டப் போவார். திரும்பி வந்தால் பதினெட்டு. பேட்டரியை மாற்றினார். பதினெட்டு. நீயா நானா என்று மறுபடியும் ஏற்றினார். கை கழுவிவிட்டு வருவதற்குள் பதினெட்டு. வாசலில் மகள் இன்னொரு தடவை காலை எடுத்துவிட்டால், அதற்கப்புறம் அந்தக் கால் இந்த ஜென்மத்தில் இங்கே வராது என்று அவருக்குத் தெரியும்.

புது ஃபில்டரைப் போட்டு, லைனிங் துணியில் ஒரு நறுக்கை எடுத்துக் கிரிலின் முன் பிடித்தார். ஏசிக்காரர் சொல்லிக்கொடுத்த சோதனை இது. மிஷின் ஓடும்போது துணி கிரிலில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியது. அப்பாடா என்று கையை எடுக்கப் போனார். துணி மெல்லக் கிரிலை விட்டு விலகி, அந்தரத்தில் எழுந்து, அவர் கன்னத்தைத் தடவியது. பிறகு கிரிலுக்கே போனது. மறுபடியும் கன்னத்துக்கு வந்தது. போனது. வந்தது. மூச்சு மாதிரி.

ஏசிக்காரரைக் கூப்பிட்டார். அவர் வாய் ஓயாத ஆசாமி. எதிர்வீட்டு ஃபில்டரில் பூனை முடி, கடைசி வீட்டுக் குழாய்க்குள் எலிக் குடும்பம் என்று தெருவின் மானத்தைப் பந்தி வைத்துக்கொண்டேதான் வேலை பார்ப்பார். நமக்கும் அதில் லாபம் உண்டு. அன்றும் பேசிக்கொண்டேதான் விசிறியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், மிஷின் நிற்கிற ஸ்டோர் ரூமில் அரைமணி நேரம் குடைந்தார். கடைசியில் நடைக்கூடத்துக்கு வந்து கிரிலில் உள்ளங்கையை வைத்தார். பேச்சு நின்றது.

"மிஷின்ல ஒண்ணும் இல்லக்கா."

"அப்ப காத்து ஏன் தம்பி திரும்பி வருது?"

"உள்ள யாராவது ஊதினாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. கையைப் பேண்ட்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "ஈரமா இருக்குக்கா."

இன்று ஒரு நாள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றார். என் வீட்டை விட்டு நான் எதற்குப் போகவேண்டும், போகவேண்டியது யாரோ அவர் போகட்டும் என்றார் தையலம்மா. கிரிலை அப்படியே மூடிவிட்டால் என்ன? மூக்கைப் பொத்தினால் மிஷின் திணறும் என்றார் ஏசிக்காரர்; வேண்டுமானால் ஸ்டோர் ரூமில் இன்னொரு வழி இருக்கிறது, தகரம் வைத்து அடைத்திருக்கிறது, அதைத் திறந்தால் அங்கிருந்து காற்று எடுத்துக்கொள்ளும். அவரே தகரத்தைக் கழற்றினார். கழற்றிய வேகத்தில் கிளம்பினார். ஸ்க்ரூ டிரைவரைத் தரையிலேயே விட்டுப் போனவர், அதைக் கேட்டு இன்றுவரை வரவில்லை.

மத்தியானம் மகள் அறையைத் தயார் செய்தார். மஞ்சள் திரைச்சீலை மாட்டினார், விரிப்பு மாற்றினார், ஸ்டூல் போட்டு ஏறிக் கூரைத் துவாரத்தைத் துடைக்கப் போனார். துவாரத்துக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்தார். பள்ளிக்கூடத்துச் சாக்ஸ். அதன் பின்னால் இன்னொரு சாக்ஸ். பிறகு அவரே பின்னிக்கொடுத்த மஃப்ளர், கெட்டியாகச் சுருட்டித் திணித்தது. அப்பன் குரல் வராமல் இருக்கப் பிள்ளை அடைத்து வைத்தது. அதனால் வருகிற கொஞ்சநஞ்சச் சூடும் வராமல் அத்தனை வருஷமும் விறைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். பெற்றவளுக்கு இது தெரியாது. மஃப்ளரைக் கையில் பிடித்தபடி ஸ்டூல் மேலேயே நின்றார்.

திறந்த துவாரத்திலிருந்து தைல வாடை இறங்கியது.

"யார் கை வச்சது?"

சமையலறையிலிருந்தும் அதே. குளியலறையிலிருந்தும் அதே. சும்மா சொன்ன குரல். நடைக்கூடத்தில் தெர்மோஸ்டாட் 'டிக்' என்றது. பார்க்காமலே தெரியும், எத்தனை என்று.

ஸ்டூல் கால்கள் தரையில் தடதடத்தன. எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. இறங்கியதும், யாரும் சொல்லாமல், அவர் கை கட்டிலில் கிடந்த போர்வைக்குப் போனது. எடுத்துத் தோளில் போட்டும்விட்டது. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம் வந்தது. செத்தவர்மேல்கூட அவ்வளவு வரவில்லை. போர்வையைச் சுருட்டிச் சுவரில் எறிந்தார்.

"நான்தான்" என்றார் கூரையைப் பார்த்து. "நான்தான் கை வச்சேன். என்ன இப்ப?"

வீடு மூச்சு மட்டும் விட்டது.

சோபா உறைக்கு வாங்கிய முரட்டுத் துணியில் மிச்சம் இருந்தது. இரண்டாக மடித்தார். கிரில் மேல் விரித்து, நான்கு பக்கமும் மரச் சட்டம் வைத்து, ஏசிக்காரர் விட்டுப்போன ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கினார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடைசித் திருகாணி ஏறியதும் ஸ்டோர் ரூமில் மிஷின் குரல் மாறி, புதுக் காற்றைக் குடிக்கத் தொடங்கியது. இருபத்துமூன்று வைத்தார். அங்கேயே நின்று பார்த்தார். பத்தொன்பது. இருபது. உள்ளங்காலில் தரையின் குளிர் விட்டது. இருபத்தொன்று.

துணி புடைத்தது.

முதலில் நடுவில் ஒரு முண்டு. மூக்கு. பிறகு அதன் இரண்டு பக்கமும் மேடு. நெற்றி. தாடை. முரட்டுத் துணி எலும்பில் இழுத்துப் போர்த்தினாற்போல் விறைத்து நின்றது. கீழே ஒரு குழி விழுந்தது. குழி அகன்றது. துணி உள்ளே போனது. ஈரம் வட்டமாகப் பரவியது.

"யார் கை—"

பயந்தாரா என்றால், பயந்தார். தரையில் உட்கார்ந்தே போனார். ஆனால் பயத்தில் ஓடுகிறவர்கள் ஓடுவார்கள், இவர் கை தையல் பெட்டிக்குப் போனது. பழக்கதோஷம். சோபா தைக்கிற வளைந்த ஊசி. மெழுகு பூசிய தடித்த நூல். நூலை உருளையிலிருந்து அறுக்கக்கூட நேரமில்லை, அப்படியே கோத்தார். குழியின் இடது ஓரத்தில் குத்தினார்.

மேல் உதடு. கீழ் உதடு. இழு.

உள்ளே பல் ஊசியைக் கடித்தது. நறநறவென்று கையில் தெரிந்தது. வெடுக்கென்று பிடுங்கினார்.

மேல். கீழ். இழு.

குளிர்ந்த எச்சில் விரலில் வழிந்தது. தைலம் நாறியது. கண்ணை மூடவில்லை.

இழு. முடிச்சு.

குழி மூடிக்கொண்டது. முகம் துணியில் அப்படியே நின்றது, வாய் தைத்த முகம். சத்தமில்லை. தெர்மோஸ்டாட்டில் இருபத்துமூன்று.

அழைப்பு மணி அடித்தது.

மகள் வாசற்படியில் ஒரு கால் வைத்தாள். நின்றாள். தையலம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அவள் காலையே பார்த்தார். இன்னொரு கால் உள்ளே வந்தது. கோட்டைக் கழற்றினாள். ஷூவைக் கழற்றி, வெறும் பாதத்தைத் தரையில் வைத்து, விரல்களைச் சுருக்கி விரித்தாள்.

"சூடா இருக்கும்மா."

"பின்ன? சொன்னேன்ல."

நடைக்கூடத்தில் விளக்கை ஏன் அணைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். பல்பு போய்விட்டது என்றார். முன்னறை சோபாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்காரன் குறட்டையை நடித்துக் காட்டினாள். ஆபீஸ் அக்கப்போரையெல்லாம் கொட்டினாள். சொல்லிக்கொண்டே சாய்ந்து தூங்கிப்போனாள். போர்வை இல்லாமல். அந்தப் பெண் கைகாலை நீட்டித் தூங்கி அந்த வீடு பார்த்ததே இல்லை.

நடைக்கூடத்தில் 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம். தையல் ஒன்று விட்டிருக்கிறது. அவருக்குத் தெரியாத சத்தமா அது?

இருட்டில் போனார். துணியில் முகம் இன்னும் பெரிதாகப் புடைத்திருந்தது. பதினெட்டின் நாற்காலி அதே இடத்தில்தான் கிடந்தது. அதை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து, முதுகை அந்த முகத்தின்மேல் அழுத்திச் சாய்ந்தார். இங்கிருந்து பார்த்தால் மகள் தூங்குவது தெரிந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே ஐஸ் மாதிரி ஒரு மூக்கு. அதன் கீழே ஏதோ மென்றுகொண்டிருந்தது. அழுத்தினார். நீ தள்ளு பார்ப்போம்.

பிறகுதான் ஊசி ஞாபகம் வந்தது. துணியில் குத்தியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடியிருந்தார். கையைப் பின்னால் விட்டுத் தடவினார். இல்லை. நூல் மட்டும் இருந்தது. அது துணிக்குள் போயிருந்தது.

முதுகில் சுருக்கென்றது.

ரவிக்கையைத் துளைத்து, தோலைக் கொஞ்சம் பிடித்து, ஊசி உள்ளே திரும்பிப் போனது. நூல் சரசரவென்று இழுபட்டது. இழு. அவர் முதுகு சுவரோடு ஒட்டியது. ஒழுங்கான தையல்தான், அத்தனை வருஷம் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தையல் ஆயிற்றே. மறுபடியும் சுருக்.

கத்தினால் மகள் எழுந்துவிடுவாள். எழுந்தால் பார்ப்பாள். பார்த்தால் போய்விடுவாள்.

தையலம்மா கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்திச் சாய்ந்தார். தலையைக் கொஞ்சம் திருப்பி, பிள்ளை காதில் விழாதபடி, பின்னால் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"குளிருதா? போர்த்திக்கோ."

முன்னறையில் மகள் புரண்டு படுத்தாள். தெர்மோஸ்டாட்டில் இருபத்துமூன்று பச்சையாக எரிந்தது. அதன் வெளிச்சத்தில், தரையில் கிடந்த நூல் உருளை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, மெதுவாக, நிற்காமல்.