ஊஞ்சல் கழற்றிய கூடம்

திருப்பருத்திக்குன்றத்தில் அந்த வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. எழுபத்து மூன்றாம் வருஷக் கோடை. வேகவதி ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேய் குடியிருக்கும் வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்: வெள்ளையடித்த சுவர், வாசலில் காயும் நெல், உள்ளே பருப்பு வேகும் வாசனை. ஜைனர் வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிற அவசரம் அடுக்களையில் கேட்டது.

நான் மூளை வைத்தியன். பேயாவது பிசாசாவது என்று சொல்லியே பிழைப்பவன்.

ஜீவந்தரன் நெல் வியாபாரி. சென்னையில் என் அறைக்கு வந்து, மனைவி குணமாலாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இல்லாத ஆளைப் பார்த்து மிரளுகிறாள் என்றார். நான் கையெழுத்துப் போட்டால் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். புருஷன் சொன்னான் என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தால் பாதி ஊர்ப் பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். அதனால் என் இயந்திரத்தோடு நானே வந்தேன்.

அது பேனாக்கள் ஓடும் ஒரு பெட்டி. விரலில் கட்டும் கம்பி வியர்வையை எழுதும். மார்பில் கட்டும் பட்டை மூச்சை எழுதும். கண்ணோரம் ஒட்டும் வெள்ளித் தகடுகள் கண் போகும் வழியை எழுதும். நூலில் ஈயக் குண்டைக் கட்டி எதிரே ஆடவிடுவேன். தெளிந்த புத்தியுள்ளவர் கண் அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். காகிதத்தில் அழகான அலை விழும். குழம்பிய புத்தி என்றால் அலை கிழிந்துபோகும். இன்னொன்றும் உண்டு. எதிரே ஒரு பொருள் நிஜமாக நகர்ந்தால்தான் கண் அப்படி வழுக்கும். இல்லாததைக் கற்பனையில் துரத்தினால் தத்தித் தத்தித்தான் போகும். எந்த நடிகனாலும் இதில் ஏமாற்ற முடியாது.

கூடத்து நடுவில் பெட்டியை வைக்கப் போனேன். ஜீவந்தரன் பாய்ந்து வந்தார்.

"அங்க வேணாம் சார். இப்படி ஓரமா வைங்க."

மேலே உத்தரத்தில் இரண்டு இரும்புக் கொக்கிகள்.

"அம்மா ஊஞ்சல் மாட்டியிருந்தது, வெத்தல மென்னுக்கினே அதுலதான் ஒக்காந்திருப்பாங்க. தை மாசம் அம்மா தவறிட்டாங்க. கழட்டிட்டேன்."

குணமாலா வந்தாள். முப்பது வயது இருக்கும். கூடத்தைக் குறுக்கே கடக்காமல் சுவரை ஒட்டிக்கொண்டே சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்பியைக் கட்டும்போது விரல்கள் சில்லென்றிருந்தன.

"டாக்டர், பைத்தியம்னு எழுதிட்டா எம் பொண்ண என் கண்ணுல காட்டமாட்டாங்க" என்று முணுமுணுத்தாள்.

"எழுதப் போறது நான் இல்லம்மா. இந்தப் பேனா."

குண்டை ஆட்டினேன். அலை சுத்தமாக விழுந்தது. இவ்வளவு தெளிந்த கோட்டை நான் ஆரோக்கியமான மாணவர்களிடம்கூடப் பார்த்ததில்லை. குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சும்மா சுவரைப் பாருங்கள் என்றேன். இப்போது பேனா நேர்கோடு போட வேண்டும்.

பேனா மெல்ல ஏறியது.

மெல்ல இறங்கியது.

மறுபடியும் ஏறியது. தத்தல் இல்லை, தாவல் இல்லை. குண்டு என் உள்ளங்கையில்தான் இருந்தது. சுவரில் பல்லிகூட இல்லை. அலை ஏறும்போதெல்லாம், ஏதோ அவளை நெருங்கி வருவதுபோல, மூச்சுப் பேனா அப்படியே நின்றது; அலை இறங்கியதும் மறுபடி அசைந்தது.

கிராம்பு போட்ட வெற்றிலை வாசனை வந்தது.

தலைக்குமேல் கொக்கி கிரீச்சிட்டது.

"என்னம்மா பாக்கறீங்க?"

"சொன்னா அடிப்பாங்க."

"யாரு, அவரா?"

"அவருக்கு ஏது அந்தத் தைரியம்?"

எனக்குக் கழுத்து வியர்த்துவிட்டது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. நோயாளியோடு ஒரே சோறு தின்னும் ஆரோக்கியமான ஆள் ஒருவரையும் உட்காரவைத்து, இரண்டு கோடுகளையும் ஒப்பிட்ட பிறகுதான் எழுதுவேன். ஜீவந்தரனை உட்காரச் சொன்னேன். அவர் சிரித்தார். இயந்திரம் பைத்தியங்களை மட்டும்தான் பிடிக்கும் என்று நினைத்துவிட்டார்.

"எனக்கா? தாராளமா போடுங்க சார்."

உட்கார்ந்த சிறிது நேரத்தில் நீட்டியிருந்த காலைத் தானாக மடக்கிக்கொண்டார், பெரியவர்கள் முன்னால் மடக்குவதுபோல.

அதே அலை.

வியர்வைப் பேனா காகிதத்தைத் தாண்டிப் போய்ப் பெட்டியில் முட்டியது.

"உங்களுக்கும் தெரியுது" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கிசுகிசுத்தார். "தெரியுது சார். கடைசிக் காலத்துல அம்மாவுக்கு நெனவு தப்பிடுச்சி. சாப்ட்டத மறந்துடுவாங்க. அத்தைக்குப் புத்தி தடுமாறுதுன்னு இவ நாலு பேர் எதிர்ல சொல்லிட்டா. என்னப் பைத்தியம்னவ பைத்தியமாத்தான் போவணும்னு சொல்லிக்கினே செத்தாங்க. இன்னமும் சொல்லிக்கினுதான் இருக்காங்க. பெத்தவ சார், நான் என்னா பண்ணுவேன்?"

"அதுக்குக் கட்டினவளப் பைத்தியமாக்குவீங்களா?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மாமியார் உடைத்தால் மண்சட்டி என்பார்கள். செத்த பிறகுமா அந்தக் கணக்கு? அங்கேயே உட்கார்ந்து, குணமாலா பூரணத் தெளிவோடு இருக்கிறாள் என்று எழுதி உரக்கப் படித்தேன். அவர் கண் மேலே கொக்கிப் பக்கம் போயிற்று. தாயையும் பெண்ணையும் ஜீப்பில் ஏற்றித் தாமலில் அவள் அண்ணன் வீட்டில் விட்டேன். இறங்கும்போது அவள் கும்பிட்டாள்.

"அத்தை எதிர்ல படிச்சிருக்கக் கூடாது டாக்டர். நான் தெளிவுன்னா, அவங்களப் பைத்தியம்னு நான் சொன்னதும் சரின்னு ஆயிடுதே."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை சென்னையில்தான் தொடங்கியது. முதலில் தலைவலிக்காரர் ஒருவர். சுவரைப் பார்க்கச் சொன்னேன். பேனா மெல்ல ஏறி இறங்கியது. என்ன தெரிகிறது என்றால், "சுவரு" என்றார். அடுத்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அடுத்து ஒரு கர்ப்பிணி. என் அறையில் உட்கார்ந்த எல்லோருக்கும் அதே அலை. கம்பிகளை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன். தூக்கம் போயிற்று. யாரையும் தெளிந்தவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் டாக்டர் ராஜவேலு காகிதங்களைப் புரட்டினார். நானே பேனாவை அசைத்து வரைந்ததாகச் சந்தேகப்பட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க ஒக்காருங்க. நான் எடுக்கறேன். சும்மா சுவரைப் பாருங்க."

பார்த்தேன். வெறும் சுவர்தான், சத்தியமாக.

பேனா மெல்ல ஏறியது.

"என்ன பாக்கறீங்க?" என்றார். குணமாலாவிடம் நான் கேட்ட அதே குரல்.

"ஒண்ணும் தெரியல. ஆனா கண்ணு வழுக்குது பாருங்க. எதிர்ல ஏதோ நகராம இப்படி வராது. நீங்க ஒக்காருங்க ராஜவேலு, ஒப்பிட்டுப் பாக்கலாம். எல்லாருக்கும் வருது, உங்களுக்கும் வரும்."

பாவம் என்று உட்கார்ந்தார். தகடுகளை ஒட்டினேன். காகிதம் ஓடியது. நான் குனிந்து பார்த்தேன்.

நேர்கோடு.

ஒரு மயிரிழை அசைவில்லை. காகிதச் சுருள் தீரும்வரை நேர்கோடு.

"எதிர்ல ஏதாவது இருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கணுமே சார்" என்றார் ராஜவேலு, குழந்தையிடம் பேசுவதுபோல. தகடுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து வைத்தார். மேஜைக்குப் போய்க் கீழ்ப்பாக்கத்துப் படிவம் ஒன்றை எடுத்து, என் பெயரை மேலே எழுதினார்.

கிராம்பு வாசனை வந்தது. கொக்கியே இல்லாத சிமென்ட் கூரையில் இரும்பு கிரீச்சிட்டது.

ராஜவேலு எழுதிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.