முக்காமல் விட்ட கொத்து

மே மாதம் முழுவதும் மிஸுஹோவின் விரல்கள் சிவந்தே இருந்தன. ஜப்பானின் யாமனாஷியில் திராட்சைத் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான்.

பந்தலில் தொங்கும் மொட்டுக் கொத்து ஒவ்வொன்றையும் ஹார்மோன் மருந்துக் கோப்பையில் முக்கி எடுக்க வேண்டும். முக்கினால் விதை வராது. பழமும் சீக்கிரம் பழுக்கும். முக்கியது எது என்று தெரிவதற்காக மருந்தில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள்.

"அக்கா, அம்மா திராட்சை விதையைத் துப்பினா தண்ணித் தொட்டி வரைக்கும் போகுமாமே! நிஜமா?" என்றான் தம்பி ரிக்கு.

"நிஜம்தான். நான் பார்த்திருக்கேன்."

"இந்த வருஷம் எனக்குக் காட்டுறேன்னு சொன்னாங்க."

அம்மா பனிக்காலத்தில் இறந்துபோனார். மிஸுஹோ ஓரத்துக் கொத்து ஒன்றை மட்டும் முக்காமல் தாண்டிப் போனாள்.

பின்னால் வந்த அப்பா நின்றார். "ஏய், இங்க ஒண்ணு பச்சையா நிக்குது! தூங்கிட்டியா?"

"இல்லப்பா. அது ரிக்குவுக்கு. அதுல விதை வரணும்."

அப்பா கோப்பையைத் தூக்கினார். தொட்டியைப் பார்த்தார். கோப்பையை இறக்கிக்கொண்டு அடுத்த கொத்துக்குப் போனார். பூ உதிர்ந்தபின் வழக்கப்படி எல்லாவற்றையும் இரண்டாம் முறை முக்கியபோதும் இருவரும் அதைத் தொடவில்லை.

ஆகஸ்டில் மற்ற கொத்துகள் பழுத்துச் சந்தைக்குப் போய்விட்டன. அது மட்டும் கல்லுமாதிரி பச்சையாகத் தொங்கியது.

"இதுக்கு மட்டும் கோடை வந்ததே தெரியாதா?" ரிக்கு மருந்துக் கோப்பையோடு வந்தான். "லேசா முக்கிடலாமா அக்கா?"

"தொடாதே!" மிஸுஹோ கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இனிமே முக்கியும் பிரயோஜனம் இல்லடா," என்றார் அப்பா. "பழத்தை 'வளரு'ன்னு சொல்றது உள்ள இருக்கிற விதைதான். மத்ததெல்லாம் நம்ம மருந்து சொன்னதை விதை சொன்னதா நம்பிடுச்சு. இது தன் விதை பேச்சை மட்டும்தான் கேக்கும்."

"அப்படியே அம்மாவோட பிடிவாதம்," என்றாள் மிஸுஹோ.

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

செப்டம்பரில் ஒரு காலை, கொத்து சிவந்திருந்தது. மூவரும் பந்தலடியில் வரிசையாக நின்றார்கள்.

ரிக்கு ஒரு பழத்தைக் கடித்தான். "அக்கா, இருக்கு! விதை இருக்கு!" துப்பினான். அது அவன் சட்டையிலேயே விழுந்தது. மிஸுஹோவின் விதை பந்தல் கால்வரை போனது. அப்பா மூச்சை இழுத்துப் பிடித்துத் துப்பினார்; தொட்டிக்குப் பாதி தூரம்தான்.

மூவரும் தொலைவில் இருந்த தொட்டியைப் பார்த்தார்கள்.

"இன்னும் அம்மாதான் முதல்," என்று சொல்லிவிட்டு, ரிக்கு அடுத்த பழத்தைப் பறித்தான்.