சாவி கொடுத்தாச்சா?

அன்று காலை முதியோர் மையத்தின் கூடத்தில் இருந்தவர்கள்: மேனேஜர், நகராட்சி அதிகாரி, வேன் ஓட்டும் என் தம்பி, எலுமிச்சை அளவு நீல நூலுருண்டையோடு ஸ்வெட்டர் பின்ன வந்த என் மனைவி, ஓய்வுபெற்ற பெண் இன்ஸ்பெக்டர், அவரைக் கமிஷனரம்மா என்றுதான் கூப்பிடுவோம், பிறகு நான். வேனின் முதல் நடையில் வந்தவர்கள் நாங்கள் மூவர். நடக்க முடியாத மற்றவர்கள் இரண்டாம் நடைக்காகத் தத்தம் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள்.

மணி பத்தரை ஆகப்போகிறது. வேன் சாவி கொக்கியில் இல்லை.

நகராட்சி செலவைக் குறைத்ததில் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் போனார், மதியச் சாப்பாடு போனது, சுவர்க்கடிகாரத்தைக் கவனிக்க வருபவரும் நின்றுபோனார். அன்று வேனின் முறை. அதிகாரி அதை எடுத்துப்போகத்தான் வந்திருந்தார்.

"அரை மணி முன்னாடி டீ போட்டுக்கிட்டே உள்ளேருந்து கேட்டேன், 'சாவி கொடுத்தாச்சா?'ன்னு. 'கொடுத்தாச்சு'ன்னார் டிரைவர்," என்றார் மேனேஜர். "யார்கிட்டயும் கொடுக்கல. பொய்."

எங்கள் குடும்பத்தில் ஒருவனைப் பார்த்து அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. எழுந்து நின்றேன்.

"உட்காருங்க ஐயா," என்றார் கமிஷனரம்மா. "முறைச்சா சாவி வராது."

அதிகாரி தம்பியிடம் திரும்பினார். "சாவி வரலேன்னா திருட்டுப் புகார்தான். உனக்கு வரவேண்டிய பணமும் நிக்கும்."

தம்பி தரையைப் பார்த்தான். "கொடுத்தாச்சுன்னு சொன்னது நிஜம். அதுக்கு மேல கேக்காதீங்க."

என் மனைவியின் மடியிலிருந்து நூலுருண்டை நழுவி, டக்கென்று தரையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். கை நிறைய இருந்தது. நல்ல கனம். அசல் கம்பளி என்று நினைத்துக்கொண்டேன்.

கமிஷனரம்மா மேனேஜரைக் கேட்டார்.

"அவர் பதில் சொன்னப்ப எங்க நின்னார்?"

"பார்க்கல. குரல்தான் வந்துச்சு."

"நீங்க கூடத்துக்கு வந்தப்ப?"

"ஸ்டூலை ஓரமா நகர்த்திட்டிருந்தார்."

"எதுக்கு ஸ்டூல்?"

அப்போது சுவர்க்கடிகாரம் அரைமணி அடித்தது. கமிஷனரம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இது செத்து ஒரு மாசமாச்சே! மேனேஜர் சார், நீங்க கேட்டது வேன் சாவி. அவர் அதை வழக்கம்போல கொக்கியில மாட்டிட்டு, ஸ்டூல் மேல ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துட்டிருந்தார். 'கொடுத்தாச்சு'ன்னார். ரெண்டு பேரும் நிஜம்தான் பேசியிருக்கீங்க."

மேனேஜரின் முகம் தொங்கிப்போனது.

"அப்ப வேன் சாவி எங்க?" என்றார் அதிகாரி.

"அதைச் சொல்ல வேண்டி வரும்னுதான் தம்பி வாயைத் திறக்கல. ஸ்டூல்ல நின்னா கொக்கி நேரா தெரியும். எடுத்தவங்களைப் பார்த்துட்டார். காட்டிக்கொடுக்க மனசு வரல." கமிஷனரம்மா என் மனைவி பக்கம் திரும்பினார். "பின்னப் பின்ன உருண்டை இளைக்கணும். உங்களுது வேன்ல வரும்போது எலுமிச்சை, இப்ப தேங்காய். கம்பளி விழுந்தா டக்குன்னு சத்தமும் வராது. பின்னி வச்ச ஸ்வெட்டர் கையைப் பிரிச்சா மேல சுத்தினீங்க?"

தம்பி குறுக்கே வந்து நின்றான். "அண்ணியை விடுங்க. நானே எடுத்ததா வச்சுக்குங்க."

"நீ சும்மா இருப்பா," என்றாள் என் மனைவி. நூலைப் பிரித்தாள். நடுவில் சாவி. "எல்லாரும் வாசல்ல உட்கார்ந்து தெருவையே பார்த்துட்டிருப்பாங்க. சாவி இல்லேன்னா வண்டியைக் கொண்டுபோக முடியாதுல்ல?"

"சாவி இல்லாம அவங்களை எப்படிம்மா கூட்டிட்டு வர்றது?" என்றார் மேனேஜர்.

"அதை யோசிக்கறதுக்குள்ளதான் நீங்க கத்த ஆரம்பிச்சிட்டீங்களே!"

அதிகாரிக்கே சிரிப்பு வந்தது. "சரி, ரெண்டாம் நடை ஓட்டட்டும். அப்புறம் எடுத்துக்கறேன்."

"கூட்டிட்டு வந்தவங்களைத் திரும்பக் கொண்டுவிடணுமே சார்," என்றான் தம்பி.

வேன் சாயங்காலம்வரை இருந்தது.

என் மனைவி வேன் சாவியைத் திருடினாள் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. சாவி அந்தக் கூடத்தின் வாசலைத் தாண்டவே இல்லை. எங்களிடமிருந்து போனது வேன். அதைக் கொண்டுபோனவரிடம் உத்தரவு இருந்தது.