மதில் பிளவில் விரித்த பாய்

மேற்கே சூரியன் மறைந்து, கிழக்கே முழுமதி பனங்காட்டுக்கு மேல் தலை நீட்டிய அந்தி வேளையில், உருக்கிய வெள்ளி போல் மினுங்கிய வெள்ளாறு ஆலங்கோட்டையின் மேற்கு மதிலைத் தழுவிக்கொண்டு ஓடியது. சென்ற ஐப்பசி வெள்ளம் அந்த மதிலில் நான்கு யானைகள் அருகருகே நுழையக்கூடிய பிளவொன்றை உண்டாக்கியிருந்தது. பிளவின் வழியே பார்த்தால் ஆறு தெரியும். ஆற்றுக்கு அப்பால் பகை மன்னனின் காடு தெரியும். வாசகர்களே, அந்தப் பிளவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை அங்கேதான் முடியப் போகிறது.

ஆற்றங்கரை மருத மரத்தடியில் ஆலங்கோட்டை நாட்டுச் சபை கூடியிருந்தது. தலைநகருக்குச் செலுத்தும் இறைவரி போக எஞ்சியதை எதற்குச் செலவிடுவது என்று நாட்டாரே முடிவு செய்துகொள்ளலாம் என்பது பேரரசர் அளித்திருந்த உரிமை. அந்த முடிவால் நாடு கெட்டால் உரிமையும் போய்விடும். தலைநகர் அதிகாரி ஒருவர் வந்து அமர்ந்துவிடுவார். இந்த ஆண்டு வடதிசைப் போரின் பொருட்டு இறை கூடிவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு பணிக்குத்தான் போதும். மதிலை அடைப்பதா, பெரிய ஏரியின் உடைந்த மதகைக் கட்டுவதா?

"கதவில்லாத வீட்டுக்கு நாய் காவல் இருப்பதுபோல் இந்தக் கோட்டைக்கு நான் காவல் இருக்கிறேன்!" என்று கோட்டைத் தலைவர் கொங்கரையர் குமுறினார்.

கடைமடை உழவர்களின் சார்பில் வந்திருந்த சேந்தி என்ற பெண் எழுந்தாள். "மதிலக் கட்டி உள்ள எதைச் சாமி காப்பீங்க? போன வருசம் எங்க மடைக்கு வந்தது வெறும் சேறு. பகைவன் உள்ள வந்தாலும் அள்ள ஒரு படி நெல்லு இருக்காது. பாவம், பசியோட திரும்பிப் போவான்!"

சபை சிரித்தது. கொங்கரையரின் மீசை மட்டும் சிரிக்கவில்லை.

தந்தை போரில் மாண்டபின் நாட்டின் தலைமையை ஏற்றிருந்த காரிநங்கை, சபையின் ஓரத்தில் நின்ற குதிரை வணிகன் வீரசாத்தனை நோக்கினாள். அவன் ஒரு வெண்குதிரையில் ஏறி, விற்பனைக் குதிரைகளுடன் அங்கு வந்து இரண்டு மாதமாகிறது. காரிநங்கை இதுவரை ஒரு குதிரையும் வாங்கவில்லை. ஆனால் நாள்தோறும் குதிரை பார்க்கப் போய்வந்தாள்.

"நீர் பல நாடுகளைக் கண்டவர். உமக்கு என்ன தோன்றுகிறது?"

"கல் காத்திருக்கும் தேவி, பயிர் காத்திருக்காது. அக்கரையில் நான் கண்டவரை யாரும் வாளைத் தீட்டவில்லை. மதகைக் கட்டுங்கள்."

அவளுடைய எண்ணமும் அதுவாகவே இருந்தது. "மதகு" என்றாள். சபையார் கை உயர்த்தினர். வீரசாத்தன் வணங்கி, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லி விடைபெற்றான். சபை கலையும் வரை அவன் நின்றிருந்தால் இந்தக் கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

அவன் போன பிறகு மூத்த உறுப்பினர் எழுந்து, ஆண்டுதோறும் சொல்லப்படும் வாசகத்தைச் சொன்னார்: "இல்லை என்று சொன்ன வாய், இல்லாத இடத்தில் உறங்கட்டும்!"

இதற்குக் குறையிருக்கை என்று பெயர். எந்தப் பணியைச் சபை தள்ளிவைக்கிறதோ, அந்தப் பணி நடக்க வேண்டிய இடத்தில் சபையார் அன்று முதல் அடுத்த ஆண்டுச் சபை வரை இரவுதோறும் தங்க வேண்டும். மருத்துவசாலையின் கூரையைத் தள்ளிவைத்த ஆண்டில் எல்லோரும் நோயாளிகளோடு நனைந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஆகவே வீரசாத்தனுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சற்று நேரத்தில் பாயும் தலையணையும் சோற்றுப் பானையும் வேலும் வாளுமாகச் சபை முழுவதும் மதில் பிளவை நோக்கி நடந்தது. பின்னால் கடைமடை உழவர்கள் அரிவாள்களோடு வந்தார்கள்.

"நீங்கள் ஏன் வருகிறீர்கள்? உங்கள் மதகுக்குத்தான் வழி பிறந்துவிட்டதே" என்றார் கொங்கரையர்.

"எங்களுக்காகத்தான உங்க மதிலு நின்னுபோச்சு? நாங்க மட்டும் வீட்டுல படுத்தா சோறு இறங்குமா?" என்றாள் சேந்தி.

முன்னால் சென்ற காரிநங்கை சட்டென்று நின்றாள். பிளவின் நடுவே, நிலவொளியில், ஒருவன் ஆற்றை நோக்கிப் பந்தத்தை உயர்த்தி அசைத்துக்கொண்டிருந்தான். அக்கரை நிழலிலிருந்து படகுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. காலடி ஓசை கேட்டு அவன் திரும்பினான். வீரசாத்தன்!

"தேவி! இந்த வேளையில் இங்கே எதற்கு வந்தீர்கள்?"

"உறங்க வந்தோம்" என்றாள் காரிநங்கை. அவள் கை வாளின் பிடியைத் தேடியது. "உண்மையில் நீர் யார்?"

அவன் தலைப்பாகையை அவிழ்த்தான். "அக்கரை மன்னரின் தம்பி."

"மதகைப் பற்றிச் சொன்னதும் பொய்தானா?"

"இல்லை. அது ஒன்றுதான் உண்மை. அதனால்தான் சொல்வது எளிதாக இருந்தது." அவன் பாய்களையும் பானைகளையும் பார்த்தான். "எங்கள் நாட்டில் அண்ணன் ஒருவரே தீர்மானிப்பார், தீர்மானித்துவிட்டு அரண்மனையில் உறங்குவார். மதிலைத் தள்ளிவைத்தால் இந்தப் பிளவில் இன்றிரவு ஆளே இருக்காது என்றிருந்தேன். தீர்மானித்தவர்கள் இங்கே வந்து படுப்பார்கள் என்று நான் எண்ணவே இல்லை."

அதற்குள் சேந்தியும் மற்றவர்களும் பிளவு நெடுகிலும் அடுப்பு மூட்டிவிட்டார்கள். அக்கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு படையின் பாசறையாகத் தெரிந்தது. படகுகள் நடு ஆற்றில் தயங்கி நின்றன.

கொங்கரையர் பாய்ந்தார். வீரசாத்தன் பந்தத்தை எறிந்துவிட்டு ஆற்றில் குதித்தான். அவர் ஓங்கிய வேலைக் காரிநங்கை பிடித்துத் தாழ்த்தினாள்.

"விடுங்கள். அக்கரைக்கு உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்." பிறகு நீரை நோக்கி உரத்துக் கூவினாள்: "மதிலில் பிளவு இருக்கிறது என்று உம் அண்ணனிடம் சொல்லும்! அதில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும்!"

நீந்திச் சென்ற தலை ஒரு கணம் திரும்பியது. பிறகு படகொன்று அவனை ஏற்றிக்கொண்டது. படகுகள் எல்லாம் வந்த வழியே திரும்பின.

பிளவின் வெளி விளிம்பில், மதில் சிறிதும் இல்லாத இடத்தில் காரிநங்கை தன் பாயை விரித்தாள். "மதகு முடிந்து, இந்த மதிலும் எழும்பும் வரை என் பாய் இங்கேதான். ஆணை!"

"அவன் விட்டுப்போன குதிரைகள் இனி நம்முடையவை" என்றார் கொங்கரையர், மீசையைத் தடவியபடி. "விற்றால் மதிலில் பாதி எழும்பிவிடும், தேவி!"

"விற்றுவிடுங்கள்" என்று படுத்தவாறே சொன்னாள் காரிநங்கை. பிறகு ஆற்றின் பக்கம் புரண்டு, "வெண்குதிரையை மட்டும் விற்க வேண்டாம்" என்றாள்.