கழுவாத கால்

உலைக்கூடத்தின் இரும்புக் கதவை நாலு பேர் சேர்ந்து தள்ளியபோது, நோயாளி புரண்டு படுப்பதுபோல முனகிக்கொண்டு அது திறந்தது. வெளியே நல்ல வெயில். அந்த வெயில் வாசலோடு நின்றுவிட்டது. துருவும் புறா எச்சமும் ஈரக் கரியும் கலந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. அணைந்து எத்தனையோ வருடமான உலையில் கரி எப்படி ஈரமாக மணக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

உருக்காலையின் பெரிய வேலைநிறுத்தத்துக்கு அது ஐம்பதாவது ஆண்டு. தொழிலாளர் குடியிருப்பே சில வாரங்களாக வேறு நினைப்பில்லாமல் இருந்தது. பிள்ளைகள் மதில் முழுக்க உலையும் கொடியுமாக வரைந்து தள்ளியிருந்தார்கள். பெண்கள் பழைய வேலைச் சட்டைகளை ஒட்டுப்போட்டு மேடைத்திரை தைத்திருந்தார்கள். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் அவள் தலையில் நாடகம் விழுந்தது. கதை சொல்லப்போகிறவர் அவளுடைய அப்பா. குடியிருப்பில் அவரைச் சிங்கம் என்றால்தான் தெரியும். போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மற்றவர்கள் நடிக்க வேண்டும். தாயில்லாத தன்னைத் தாயாகவும் இருந்து வளர்த்த மனிதருக்கு அந்த ஒரு சாயங்காலம் குறையில்லாமல் அமைந்தால் போதும் அவளுக்கு.

எல்லா வேடத்துக்கும் ஆள் கிடைத்தது, நெட்டையன் வேடத்தைத் தவிர.

உலை அணைந்தால் உள்ளேயிருக்கும் இரும்பு பாறையாக உறைந்துவிடும். முதலாளி இறங்கி வந்தே ஆகவேண்டும். அதற்காகத்தான் அன்று எல்லோரும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். நெட்டையன் மட்டும் திருட்டுத்தனமாக உள்ளே போய்க் கரி போட்டு உலையைக் காப்பாற்றினான். பிடித்தபோது முழங்கால் வரை கரி. கூட்டம் கைநீட்டிக் ‘கருங்காலி’ என்றது. அன்றே ஊரை விட்டு ஓடிப்போனான். சிறுவயதிலிருந்து அப்பா மடியில் படுத்து அவள் கேட்ட கதை இது. அதை அப்படியே எழுதியிருந்தாள்.

“உங்க வீட்டு மாப்பிள்ளை சும்மாதானே இருக்காரு, அவர் காலுக்குப் பூசிவிடு” என்றாள் தையல்கார அக்கா.

மின்வேலை செய்யும் அவள் கணவன் கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டான். “தாலி கட்டுனப்பவே மாட்டிக்கிட்டேன். இனி கரி பூசினா என்ன, சுண்ணாம்பு அடிச்சா என்ன.”

கரித்தூளை எண்ணெயில் குழைத்து அவளே பூசிவிட்டாள். ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது.

வீட்டுக்கு வந்து கழுவியபோது கரி போகவில்லை.

“சோப்பு கரைஞ்சதுதான் மிச்சம்” என்று சிரித்தான். மறுநாள் காலையில் சிரிப்பில்லை. முழங்காலோடு நின்றிருந்த கறுப்பு தொடைக்கு ஏறியிருந்தது.

“குளிக்கும்போது யாரோ காதுகிட்ட பேசின மாதிரி இருந்துச்சு” என்றான் மெதுவாக.

“என்ன பேசினாங்க?”

“‘கழுவாதே’ன்னு.”

குளியலறையிலிருந்து ஈரக் கரியின் வாடை வந்தது. தரையில் வெறுங்காலின் தடங்கள். அகலமான, கறுத்த, நீண்ட பாதங்கள். கணவனின் கால் அத்தனை பெரிதில்லை. அவை கூடத்தைக் கடந்து அப்பாவின் அறைக்குள் போய்க் கட்டிலருகே நின்றன. விரல்கள் கட்டிலைப் பார்த்திருந்தன.

துணியால் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. தடமும் இருந்தது.

எழுந்து உட்கார்ந்த அப்பா, அது யாருடைய கால் என்று கேட்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனார். கல்லை எடுத்துத் தன் கால்களைத் தேய்க்க ஆரம்பித்தார். தோல் சிவந்து ரத்தம் கசிந்தது.

“அப்பா, கால் சுத்தமாத்தானே இருக்கு.”

“இல்லம்மா. இன்னும் போகல.”

“நாடகத்தை நிறுத்திடலாம்ப்பா. எனக்கென்னவோ மனசு சரியில்ல.”

அவர் தலை நிமிரவில்லை. “நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க.”

விழா நாளன்று வெயில் சாயும்போதே உலைக்கூடம் நிறைந்துவிட்டது. விளக்குகள் எரிந்தும் மேலே கூரை தெரியவில்லை. அப்பா தோளில் சால்வையோடு நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். அவர் குரலுக்குக் கூட்டம் கட்டுண்டது. கணவன் கரிக்காலோடு நடுவில் வந்து நின்றான்.

“அவன் காலே சாட்சி” என்றார் அப்பா. “எல்லாரும் கையை நீட்டினோம்.”

நடிகர்கள் கைகளை நீட்டினார்கள்.

‘கருங்காலி’ என்ற குரல் எழவில்லை.

நீட்டிய கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கணவனை விட்டு, மேடையைக் கடந்து, நாற்காலியைப் பார்த்து நின்றன.

“என் கை என் பேச்சைக் கேக்கலடி” என்று கிசுகிசுத்தாள் தையல்கார அக்கா. அவள் விரல் நுனி கறுத்துக்கொண்டிருந்தது.

மூடிக்கிடந்த உலைக்குள் யாரோ கரி அள்ளிப்போடும் சத்தம் கேட்டது.

சரக். சரக்.

அப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைகளுக்குப் பின்னாலிருந்து அவர் குரலே வந்தது. “முதலாளி என்னை மேஸ்திரி ஆக்குறேன்னாரு. கரி போட்டது நான். தடுக்க வந்தவன் அவன். ரெண்டு பேரும் கரிக்குழியில கட்டிப் புரண்டோம். நான் பின்பக்கமா ஓடிக் காலைக் கழுவிட்டு வந்து கூட்டத்தோட நின்னேன். முதல்ல கை நீட்டினதும் நான்தான். அவன் ஓடிப்போகல. எல்லாருமா அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். உலை எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.”



கையை எடுத்த அப்பா அவளைப் பார்த்தார். “அது என் குரல் இல்லம்மா. நம்பாதே.”

கணவன் முனகினான். கறுப்பு அவன் இடுப்பைத் தாண்டி மார்புக்கு ஏறியிருந்தது. கால்கள் தரையோடு ஒட்டியிருந்தன. சட்டையிலிருந்து மெல்லப் புகை எழுந்தது. அவள் ஓடிப்போய் அவனைப் பற்றினாள். அடுப்புக்கல்லைத் தொட்டதுபோலச் சுட்டது. விடாமல் பிடித்துக்கொண்டாள்.

உலைக்குள் கரி அள்ளும் சத்தம் நின்றது.

“எழுதினவ சொல்லட்டும்.” காய்ந்த குரல், அவள் காதோரம். “என் மேல வெச்ச பேரை எடு. வேற யார் மேலயாவது வை. யார் கருங்காலி?”

கறுப்பு கணவனின் கழுத்தைத் தொட்டது. அவன் கண்கள் அவளையே பார்த்தன.

மேடையில் அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். அவளைத் தூக்கி வளர்த்த கைகள் கும்பிட்டன.

அவள் யார் பெயரையும் சொல்ல நினைக்கவில்லை. சின்ன வயதில் இருட்டில் பயந்தால் எப்படிக் கூப்பிடுவாளோ, அப்படியே கூப்பிட்டாள்.

“அப்பா...”

“சரி” என்றது குரல்.

கணவன் துணிபோலத் துவண்டு அவள் மேல் சாய்ந்தான். அவன் உடம்பில் ஒரு பொட்டுக் கரியில்லை.

மேடையில் நாற்காலி கவிழ்ந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார், அதைப் பிழைப்பு என்று சொல்லலாமானால். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் கறுத்து இறுகிப்போயின. மருத்துவர் விரலால் தட்டினார். காலிலிருந்து இரும்புக் கதவைத் தட்டும் ஓசை வந்தது. ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்றார். கறுப்பு நாளுக்கு ஒரு விரற்கடை மேலே ஏறியது. குடியிருப்பிலிருந்து ஒருவரும் பார்க்க வரவில்லை. மகளிடம் அவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “நீ கூப்பிட்டேம்மா. நீதான் கூப்பிட்டே.”

ஒரு காலையில் பல் துலக்கும்போது வாயில் கரி ருசித்தது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள்.

அடிவரை கன்னங்கரேலென்று இருந்தது.

கருநாக்கு. சொன்னது பலிக்கும் நாக்கு. இனி யாரைக் கூப்பிட்டாலும் நெட்டையன் காதில் அது அவன் கேள்விக்குப் பதிலாக விழும்.

கூடத்திலிருந்து கணவனின் குரல் வந்தது. “வந்துட்டேன்டி. எதுக்கு இத்தனை தடவை கூப்பிடறே?”

அவள் வாயே திறக்கவில்லை.

அவன் காலடிச் சத்தம் குளியலறைப் பக்கம் வரவில்லை. வாசலுக்குப் போனது. செருப்பு மாட்டும் சத்தம், தாழ்ப்பாள் விலகும் சத்தம். ஓடிப்போய்த் தடுக்கத்தான் திரும்பினாள். குளியலறைக் கதவு வெளியே பூட்டியதுபோல அசையாமல் நின்றது. ஒரு குரல் கொடுத்தால் போதும், அவன் நின்றுவிடுவான்.

அவள் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

தெருக்கோடியில், உலைக்கூடத்துப் பக்கமிருந்து, அவளுடைய குரல் ஆசையாக அவனை மறுபடி கூப்பிட்டது.