மங்கம்மாவின் நடை

அழித்த கோடு மறுபடியும் வரைபடத்தில் இருந்தது.

வினிதா கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தாள். காத்திவாக்கத்தில் அவள் வீடு இருக்கும் இதே தெருவில், மெல்லிய நீலக் கோடு ஒன்று பள்ளி மைதானத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம். அடுக்களையில் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆலையில் காஸ் கசிந்தால் ஒவ்வொரு தெருவும் மைதானம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று வரைபடத்தில் காட்டுவது அவள் வேலை. அதற்காகக் காலையில் தெருக்காரர்கள் கையில் போனோடு நடந்து காட்டினார்கள்; ஒவ்வொருவர் நடையும் வரைபடத்தில் ஒரு கோடாக விழுந்தது. யானைக்காலை இழுத்துக்கொண்டு மங்கம்மாவும் நடந்தாள். அவள் நடையைச் சேர்த்தால், நேரத்துக்குள் தப்ப முடியாத இடம் என்று தெரு சிவப்பாகிவிடும். சிவப்பானால் ஆலைக்காரர்கள் பின்பக்கச் சுவரை இடித்துக் குறுக்கு வழி விட்டே ஆகவேண்டும். “ஒருத்தருக்காக மேப்பையே கெடுத்துக்காதம்மா” என்றார் ஆபீசில் அவள் மேலதிகாரி டென்னிஸ் சார். வினிதா மங்கம்மாவின் கோட்டை அழித்தாள். தெரு பச்சையானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சாயந்திரம் வீடு திரும்பும்போது மங்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“கணக்குல என்னியும் சேத்துக்கினியா கண்ணு?”

“சேத்துக்கினேன் அத்தே.”

அந்தப் பொய்தான் இப்போது உறுத்தியது. வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்க்கலாம். இந்தத் தெருவில் பிறந்து, இந்தத் தெருச் சோற்றைத் தின்றவளே செய்தாள். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

கோட்டை மறுபடி அழித்தாள். வந்தது. நெட்டைத் துண்டித்துவிட்டு அழித்தாள். அப்போதும் வந்தது, இப்போது அதன் முனை அவள் வீட்டுக்கு நேரே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, வலை காயும் உப்பு வாடைக்கும் டேங்கர் லாரிகளின் தூரத்து உறுமலுக்கும் நடுவில், ஈர மணலில் மூட்டையை இழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது, நின்றது, மூச்சு வாங்கியது, மறுபடி இழுத்தது.

மங்கம்மாவின் கால். அதன் பின்னால் வேறு கால்கள். நிறைய.

மீன் வாடை போய்விட்டது. வேறொரு நெடி. மூக்கைக் குத்தியது. கண் எரிந்தது.

கதவைத் திறந்தாள்.

தெரு முழுக்க ஆட்கள். மூக்கில் ஈரத் துண்டு. இடுப்பில் பிள்ளைகள். ஓடத் தெம்புள்ள பையன்கள்கூட ஓடவில்லை. எல்லாரும் மங்கம்மாவின் நடைக்கே நடந்தார்கள். அவளை ஒருவரும் தாண்டவில்லை. விட்டுவிட்டு ஓடுகிற சனம் இல்லை இது. வினிதாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் அழித்தாள்.

மங்கம்மாவைத் தோளில் தாங்கி வந்தவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“நீ போய்க்கினே இரு கண்ணு” என்றாள். குரலில் கோபமே இல்லை. “உனக்கு நேரம் கீது.”

அடுக்களையிலிருந்தும் அம்மாவின் குரல் வந்தது. “யாராண்ட பேசினு கீற?”

வினிதா அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி தெருவைப் பார்த்தாள். வாசலில் அத்தனை கால்களும் நடந்துகொண்டே இருந்தன. மைதானத்தை நோக்கி ஒருவரும் ஓர் அடிகூட நகரவில்லை.